சந்துக்குள் போன சூடு

நடுக்கோடையில், செருப்பு தார் ரோட்டில் ஒட்டிக்கொண்டு ஆள் மட்டும் வீடு வந்து சேரும் ஒரு மத்தியானத்தில், பாடிக்கொண்டிருந்த ஸ்டீரியோ ரிசீவரின் மண்டை மேல் உறைபனி வளர்த்த மனிதர் இந்த உலகத்திலேயே ஐஸ்காரர் ஒருவர்தான். ஏதோ வெள்ளையாகப் பூத்த பனி என்று நினைத்துவிடக் கூடாது. நகத்தால் கீறிப் பெயர் எழுதலாம். சுரண்டி உருட்டினால் கோலிக்குண்டு கிடைக்கும். அப்படி ஒரு உருண்டையை அவர் ஜன்னல் கம்பி வழியாக விட்டெறிய, எதிர்வீட்டுப் பூனை அதன் மேல் கால் வைத்து வழுக்கி விழுந்து, அன்றிலிருந்து அந்தத் தெருப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

இதை யாரும் நம்பவில்லை. நம்பும்படியாக அவர் அதற்கு முன்னால் எதையும் சொன்னதில்லை என்பது முக்கியமான காரணம். அவர் கோல்ட் ஸ்டோரேஜில் மெஷின் ரூம் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே பறந்துகொண்டிருந்த ஈ ஒன்று அப்படியே அந்தரத்தில் உறைந்து சாயங்காலம் வரை தொங்கியது என்பார். மூட்டை தூக்குகிறவர் ஒருவர் தும்மினார், தும்மல் தரையில் விழுந்து கிளிங்கென்று உடைந்தது என்பார். கேட்பவர்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். மச்சினன் மட்டும் ஆட்டமாட்டான். அவருடைய மனைவிக்குத் தம்பி, டி.வி.யும் ரேடியோவும் ரிப்பேர் பார்த்தே தலை நரைத்தவன். மீட்டரில் முள் ஆடினால் ஒழிய எதையும் ஒப்புக்கொள்ளாத ஜாதி. மாமா சொல்வதில் முக்கால்வாசியைக் கழித்து, மிச்சத்தைப் பாதியாக்கி, அதையும் நம்பாமல் இருந்தால் கணக்கு சரியாக வரும் என்பது அவன் கண்டுபிடிப்பு. அதை மாமாவின் முகத்துக்கு நேராகவே சொல்வான்.

ஆனால் இந்தப் பனி விஷயத்தில் ஐஸ்காரர் கூடச் சேர்த்தது பூனையை மட்டும்தான்.

தொடக்கம் ரொம்பச் சின்னது. பாட்டு நின்றது, அவ்வளவுதான். சரணத்தின் பாதியில், 'டக்' என்று உள்ளே ஏதோ விடுபட்ட சத்தம். ரிசீவரின் முகத்தில் சிவப்பு விளக்கு சிமிட்டியது. சூடு தாங்காமல் அது தன்னைத் தானே அணைத்துக்கொண்டிருந்தது. மேலே கை வைத்தவர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். அப்பளம் சுடலாம் என்று வேறு நாளாக இருந்தால் சொல்லியிருப்பார். அன்று சொல்லவில்லை. கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்.

கட்டிலில் அவர் மனைவி. பக்கவாதம் கைகால்களையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. மிச்சம் வைத்துவிட்டுப் போனது கண்களையும், வலது கையின் சுண்டு விரலையும். பழைய பாட்டு ஓடினால் அந்த விரல் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் தாளம் தட்டும். டிக், டிக் என்று, தாளம் தப்பாமல். விரல் தட்டுகிற வரைக்கும் மசித்த சாப்பாட்டை ஸ்பூனில் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், விழுங்குவாள். பாட்டு நின்றால் விரல் நிற்கும். விரல் நின்றால் வாய் மூடிக்கொள்ளும். கண்கள் மேலே செருகிவிடும். அப்புறம் அவளைத் திரும்பக் கொண்டுவர முழுப் பொழுது ஆகும். ஒவ்வொரு தடவையும் முன்பு வந்ததைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் திரும்பி வருவாள். எதில் பிடித்துக்கொண்டிருக்கிறாளோ அதை அறுத்துவிடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அன்று பாட்டு நின்றபோது விரல் சட்டத்துக்கு மேலே தூக்கியபடி அப்படியே நின்றது. அடுத்த தாளத்துக்காக.

ஐஸ்காரருக்கு அழுகை வரவில்லை. அவள் விழுந்த நாளிலிருந்தே வரவில்லை. வராததற்காக வருத்தமும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது உள்ளே. சிரிக்க வைக்கிற கதைகள் மட்டும் பழக்கத்தில் வாயிலிருந்து வந்துகொண்டே இருந்தன, தலைவருக்குத் தெரியாமல் நடக்கிற கூட்டம் மாதிரி.

ரிசீவர் இருந்தது கட்டிலை ஒட்டிய சுவர் அலமாரியில். கண்ணாடிக் கதவைக் கழற்றினார். பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினார். நான்கு மூலைக்கும் பாட்டில் மூடி வைத்து அடியில் காற்றுப் போக வழி செய்தார். மச்சினன் வந்து பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். சமையலறைக்கு ஒரு ஜோடி, பால்கனிக்கு ஒரு ஜோடி என்று எல்லா ஸ்பீக்கரையும் ஒரே இடத்தில் மாட்டியிருந்தார் மாமா. ஒரே ஆள் முதுகில் ஊர் மூட்டையை எல்லாம் ஏற்றினால் மூச்சு வாங்காதா என்று கேட்டு, கட்டிலுக்கு மேலே இருந்த ஜோடியைத் தவிர மற்றதைப் பிடுங்கிப் போட்டான். கொஞ்சம் தேவலை ஆனது. ஆனாலும் வெயில் உச்சிக்கு ஏறினால் டக். புதுசு வாங்கினால் அதுவும் இந்தப் பொந்துக்குள் விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரை பாடினால் இப்படித்தான் கொதிக்கும் என்று அவனே சொன்னான். ஒரு சின்ன ஃபேன் வைத்தால் போதும், விஷயம் முடிந்தது. ஆனால் காற்று பட்டால் அவளுக்கு நெஞ்சு கட்டிக்கொள்ளும். அந்த அறையில் ஃபேன் ஓடக் கூடாது, ஏசி ஓடக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை.

இந்த இடத்தில்தான் ஐஸ்காரரின் தொழில் அவர் தோளைத் தட்டியது.

"சூட்டை அழிக்க முடியாது மச்சான். வேற யாரு தலையிலயாவது கட்டத்தான் முடியும்."

"யாரு தலையில கட்டப் போறீங்க?"

"யாருமே இல்லாத இடம் ஒண்ணு இருக்கு."

அலமாரிக்குப் பின்னால் இருந்தது அது. அவருடைய வீட்டுக்கும் அடுத்த கட்டடத்துக்கும் நடுவில் ஒரு சந்து. சந்து என்று சொல்வதே அதற்கு மரியாதை. ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைந்தால் மூக்கும் பிடரியும் ஒரே நேரத்தில் சுவரில் இடிக்கும். குப்பை சேருகிறது என்று முன்பக்கமும் பின்பக்கமும் செங்கல் வைத்துப் பூசிவிட்டார்கள். மழைத் தண்ணீர் இறங்குகிறது என்று மேலே பலகைக்கல் போட்டு மூடிவிட்டார்கள். கட்டடங்கள் எழும்பிய நாளிலிருந்து அதற்குள் வெயில் விழுந்ததில்லை. இரண்டு வீட்டுக்காரர்களும் அது தங்களுடையது என்று சொல்லிக்கொண்டதும் இல்லை.

அலமாரியின் பின்சுவரில் ஒரு செங்கல்லைப் பெயர்த்து எடுத்தார். ஓட்டை வழியாக ஒரு மூச்சு வந்து முகத்தில் பட்டது. ஈர சிமெண்ட் வாசனை. அதற்கு அடியில், மெலிதாக, அவருக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு வாசனை: இரும்புச் சுவரிலிருந்து ஐஸைச் சுரண்டும்போது வருகிற, நாக்கின் நுனியில் காசு வைத்த மாதிரியான வாசனை. அவருக்குச் சந்தோஷமாகிவிட்டது. இயற்கையே கோல்ட் ஸ்டோரேஜ் கட்டிக் கொடுத்திருக்கிறது என்றார். டார்ச் அடித்துப் பார்த்தார். எதிர்ச்சுவரின் பூசாத செங்கல் தெரிந்தது. வேறெதுவும் தெரியவில்லை. வேறெதுவும் தெரிவதற்கு அங்கே இடமும் இல்லை.

பழைய இரும்புக் கடையில் செத்துப்போன ஃபிரிட்ஜ் ஒன்றின் முதுகிலிருந்து, வளைந்து வளைந்து போகும் குழாய்ச் சட்டத்தை அறுத்து வாங்கிவந்தார். அதைச் சாய்த்து ஓட்டை வழியாக நுழைத்துச் சந்துக்குள் தொங்கவிட்டார். ரிசீவரின் மேல்மூடியில் காற்றுத் துளைகளை மறைக்காமல் ஓர் அலுமினியத் தகடு, தகட்டின் மேல் சுருட்டிப் பற்றவைத்த காப்பர் குழாய், கீழே ஒரு வாளித் தண்ணீர், வாளிக்குள் ஏர் கூலரிலிருந்து கழற்றிய குட்டிப் பம்பு. தண்ணீர் தகட்டுக்குப் போய்ச் சூட்டை வாங்கிக்கொண்டு, சுவரைத் தாண்டிச் சந்துக்குள் போய் இறக்கிவைத்துவிட்டு, வாளிக்குத் திரும்பி வரும். ஓட்டையின் மிச்ச இடத்தைத் துணியால் அடைத்தார்.

கரண்ட்டின் தலை மேல் தண்ணீர் ஓட்டுகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றான் மச்சினன். இவர் போய்ச் சேர்ந்துவிட்டால் அக்காவை யார் பார்த்துக்கொள்வது, அக்கா தானே எழுந்து வந்து இவருக்கு மாலை போட வேண்டியிருக்கும் என்றான். கட்டிலில் படுத்திருந்தவளின் கண்களில் ஏதோ ஓடியது. அவள் சிரித்ததாகவே இரண்டு பேரும் எடுத்துக்கொண்டார்கள்.

வேலை செய்தது. வேலை செய்ததா என்று சாதாரணமாகக் கேட்கக் கூடாது. அந்த வாரம் முழுக்க டக் என்ற சத்தம் அந்த வீட்டிலேயே கேட்கவில்லை. காலையில் வரும் நர்ஸம்மா கதவைத் திறந்த நிமிஷத்திலிருந்து பொழுது சாய்கிற வரை பாட்டு. விரல் ஓயவில்லை. கிண்ணம் காலியானது. கன்னத்தில் சதை போட்டிருக்கிறது என்று நர்ஸம்மா சொன்னாள். ஐஸ்காரர் பார்ப்பவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லி, அந்தக் குழாய்ச் சட்டத்தை விண்வெளிக்கு அனுப்புவதற்காக யாரோ வந்து கேட்டார்கள் என்கிற கட்டம் வரைக்கும் கதை வளர்ந்துவிட்டது.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. மெஷின் ரூமில் வந்த பழக்கம். போகிற குழாயை ஒரு கையிலும் வருகிற குழாயை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நிற்பது. டாக்டர் நாடி பார்க்கிற மாதிரி. போகிறது சூடாக இருக்கும், வருகிறது ஆறியிருக்கும். எவ்வளவு ஆறினாலும் அது போய்வந்த இடத்தைவிடக் குளிர்ந்து வராது. வரவே முடியாது. இது யாரும் மீற முடியாத விதி.

வருகிற குழாய் ஐஸ் தண்ணீர் மாதிரி இருந்தது.

துணியை விலக்கிச் சந்துக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டுப் பார்த்தார். அறையைவிடக் குளிர்ச்சிதான். ஆனால் இந்த அளவுக்கு இல்லை. கையை வெளியே எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துணியைத் திரும்ப அடைத்தார், முன்பைவிட இறுக்கமாக, ஏன் என்று யோசிக்காமல்.

மச்சினனிடம் சொன்னபோது அவன் தெர்மாமீட்டர் இருக்கிறதா என்று கேட்டான். ஜுரம் பார்க்கிறதுதான் இருந்தது. அந்த அளவுக்குக் கீழே அதற்குப் படிக்கத் தெரியாது. அப்படியானால் வயசாகி மாமாவின் கைதான் மரத்துப்போயிருக்கிறது, குழாயின் மேல் குற்றம் சொல்லக் கூடாது என்று முடித்துவிட்டான்.

மரத்துப்போனது நிஜம். வருகிற குழாயைப் பிடித்த கையில், விரல் நுனிகளுக்கு எதுவும் தெரியவில்லை. சட்டைப் பொத்தானைப் போடும்போது கண்ணால் பார்த்துப் போட வேண்டியிருந்தது. வலிக்கவில்லை. வலிக்கவில்லை என்பதே அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. உள்ளே ஏற்கெனவே இருந்த மரப்புக்கு இப்போதுதான் வெளியே ஒரு துணை கிடைத்த மாதிரி.

ஒரு மத்தியானம், குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கையில், குளிர் ஒரே சீராக வராமல் விட்டுவிட்டு வருவதைக் கவனித்தார். கொஞ்சம் தணியும். சட்டென்று சில்லிட்டு இறங்கும். மறுபடி தணியும். இது அவருக்குத் தெரிந்த ஆட்டம். கோல்ட் ஸ்டோரேஜின் பின்புறத்தில் கண்டென்சர் இருக்கும். உள்ளே உறிஞ்சிய சூட்டை எல்லாம் வெளியே தள்ளுகிற பெரிய குழாய்ச் சட்டம். உறையறைக்குள் மூட்டை தூக்கிவிட்டு, புருவமெல்லாம் வெள்ளையாகி வெளியே வருகிற ஆட்கள் நேராக அங்கேதான் போவார்கள். குழாயின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், தோளோடு தோள் நெருங்கி நிற்பார்கள். மெஷின் ரூமில் பிரஷர் மீட்டரின் முள் லேசாக இறங்கும். எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று முள்ளைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்பார் ஐஸ்காரர். அதில் கொஞ்சம் மிகை உண்டு. கொஞ்சம்தான்.

கையில் இருந்த குழாய் சில்லென்று இறங்கியது. தணிந்தது. இறங்கியது.

யாரோ வைக்கிறார்கள். எடுக்கிறார்கள். தேய்த்துக்கொள்கிறார்கள். மறுபடி வைக்கிறார்கள்.

அவர் குழாயை விட்டுவிட்டார். ஜன்னலுக்கு வெளியே வெயில் பளபளவென்று இருந்தது, கீழே யாரோ ஸ்கூட்டரைக் கிளப்பிக் கிளப்பித் தோற்றுக்கொண்டிருந்தார்கள், சமையலறையில் குக்கர் தன் பாட்டுக்கு மூச்சு விட்டது. பேய்க்கதைக்குக் கொஞ்சமும் ஒத்துவராத நேரம். அந்த நேரத்தில் ஒரு பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு தொடங்குவதற்கு முன்னால் இருக்கிற அந்தச் சின்ன மௌனத்தில், அடைத்துவைத்த துணிக்குப் பின்னாலிருந்து, உள்ளங்கையோடு உள்ளங்கை தேய்கிற வறட்டுச் சத்தம் வந்தது. சரசர. சரசர. பொறுமையான சத்தம். வரிசையில் நிற்கிறவர்களின் பொறுமை.

அடுத்த பாட்டு வந்து அதை மூடியது.

அதற்குப் பிறகு மௌனம் வராமல் பார்த்துக்கொள்வதே அவருக்கு வேலை ஆயிற்று. ஒரு பாட்டின் வால் மறைவதற்குள் அடுத்ததை இழுத்துவிட்டார். வோல்யூமைக் கூட்டினார். கூட்டினால் ரிசீவர் இன்னும் சுடும். சுட்டால் சந்துக்குள் இன்னும் சூடு போகும். போனால் குழாய் இன்னும் சில்லிட்டது. சமையல் வாசனை தூக்கினால் வாசலில் ஆள் கூடுகிற மாதிரி. தகட்டின் மேல் முதலில் வியர்வை. அப்புறம் வெண்மை. அப்புறம் பனி. நகத்தால் கீறினார். கீறியது நிஜமாகவே அவர் பெயரைத்தான். பெயரைப் பார்த்ததும் என்னவோ போல் இருந்தது, அழித்துவிட்டார். சுரண்டி உருட்டி ஜன்னலுக்கு வெளியே எறிந்தார். அது விழுந்த இடத்தில் எந்தப் பூனையும் இல்லை.

பம்பை நிறுத்தலாம். நிறுத்தினால் ரிசீவர் கொதிக்கும், டக் என்னும், விரல் தூக்கியபடி நின்றுவிடும். கிண்ணம் நிறைந்தபடியே இருக்கும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைவாகத்தான் திரும்பி வருவாள். இதற்கு மேல் குறைய அவளிடம் என்ன இருக்கிறது? அவர் பம்பை நிறுத்தவில்லை.

அவளுடைய வலது கை சில்லென்று இருக்கிறதே என்று நர்ஸம்மா கேட்டது அந்த வாரம்தான். மற்ற இடமெல்லாம் வெதுவெதுப்பாக இருக்கிறது, அந்தக் கை மட்டும் என்ன இப்படி என்று தேய்த்துவிட்டாள். வெந்நீரில் துணி நனைத்துச் சுற்றினாள். பிறகு போர்வைக்குள் வைத்து மூடிவிட்டுப் போனாள். போர்வைக்குள்ளிருந்தும் விரல் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டுதான் இருந்தது. டிக். டிக். ஐஸ்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஓடிக்கொண்டிருந்தது துள்ளலான பாட்டு. கல்யாண ஊர்வலத்தில் வாசித்தால் குதிரையே ஆடும்.

விரல் மெதுவாகத் தட்டியது.

பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல். டிக். நெடுநேரம். டிக்.

வேறு பாட்டை மாற்றினார். தாலாட்டு மாதிரி ஒன்று. விரல் மாறவில்லை. டிக். நெடுநேரம். டிக். அவள் கண்கள் அவரைப் பார்க்கவில்லை. அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தன. ரிசீவரை அல்ல. ரிசீவருக்குப் பின்னால்.

அவர் எழுந்தார். பம்பை நிறுத்தினார்.

தண்ணீர் நின்றது. ரிசீவர் சுட வேண்டும். சுடவில்லை. தகட்டில் பனி அப்படியே இருந்தது. காத்திருந்தார். ஒரு பாட்டு. இன்னொரு பாட்டு. பனி தடித்தது.

ரிசீவரை அணைத்தார்.

மௌனம்.

விரல் நிற்கவில்லை.

டிக்.

சுவருக்குப் பின்னால், குழாயின் மேல், நகம் படுகிற மாதிரி. டிக்.

கட்டிலில். டிக்.

சந்தில். டிக்.

இரண்டுக்கும் நடுவில் அவர் நின்றார். கை மரத்திருந்தது. கால் மரத்திருந்தது. பயம் எங்கேயோ தூரத்தில் இருந்தது, அடுத்த தெருவில் யாரோ அழுகிற மாதிரி. யாரோ அழுகிறார்கள் என்று தெரிந்தது. யார் என்று தெரியவில்லை.

மச்சினனுக்குப் போன் செய்தார்.

இங்கேதான் வேடிக்கை. வாழ்நாளெல்லாம் ஒன்றை ஒன்பதாக்கிச் சொன்ன வாய், அன்று ஒன்றுக்கு மேல் ஏற மறுத்தது. தேய்க்கிற சத்தத்தைச் சொல்லவில்லை. தாளத்தைச் சொல்லவில்லை. பின்னால் ஒரு கை இருக்கிற மாதிரி தோன்றுகிறது, கொஞ்சம் வந்து அந்தச் சட்டத்தைக் கழற்றிவிட்டுப் போ என்று மட்டும் சொன்னார். அதையும் இருமிக்கொண்டே சொன்னார், தப்பித் தவறி வந்த வார்த்தை மாதிரி.

மச்சினன் பட்டப்பகலில் வந்தான். சட்டையெல்லாம் வியர்வை, தோளில் டூல் பை. படி ஏறும்போதே குரல் கேட்டது. ஒரு கைதானா, ஒரு முழு ஆளை வைக்கிற அளவுக்குக்கூட மாமாவிடம் சரக்கு இல்லாமல் போய்விட்டதா என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தான். கட்டிலருகே குனிந்து அக்காவின் நெற்றியைத் தொட்டான். உன் வீட்டுக்காரர் பேய்க்குப் பைப் கனெக்‌ஷன் கொடுத்திருக்கிறாராம் என்று அவள் காதில் சொன்னான். அவள் கண்கள் அவன் முகத்துக்கு வந்து, அங்கேயே நின்றன.

தகட்டின் பனியை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். பிறகு, ஃபிரீசரிலிருந்து சுரண்டிக்கொண்டுவந்து பூசியிருக்கிறீர்கள் என்றான். ரிசீவரைப் பெயர்த்துக் கீழே வைத்தான். துணியைப் பிடுங்கினான். சந்தின் மூச்சு வெளியே வந்தது. காசு வாசனை. மெழுகுவர்த்தி இருந்திருந்தால் அணைந்திருக்கும். ஐஸ்காரர் சட்டையின் மேல் பொத்தானைத் தேடினார், விரலுக்கு அது தட்டுப்படவில்லை.

மச்சினன் சட்டத்தைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. அசைத்துப் பார்த்தான். உள்ளே கொடி எதுவோ சுற்றியிருக்கிறது, அல்லது எலி கூடு கட்டியிருக்கிறது என்றான். வெயிலே இல்லாத இடத்தில் கொடி எப்படி வரும் என்று அவர் கேட்கவில்லை. அவன் சட்டைக் கையைத் தோள் வரை மடித்தான். ஓட்டைக்குள் கையை விட்டான். முழங்கை வரை. தோள் வரை. கன்னம் அலமாரிச் சுவரில் அழுந்தியது. முகம் கட்டில் பக்கம் திரும்பியிருந்தது.

எலியாக இருந்தால் ஒன்றைப் பிடித்து மாமாவுக்கே பரிசாக, என்று தொடங்கினான்.

முடிக்கவில்லை.

வாய் திறந்தபடி இருந்தது. கண்கள் சிமிட்டவில்லை. வியர்வை காதோரத்தில் ஒரு சொட்டாகத் திரண்டு, விழாமல் நின்றது.

"மச்சான்."

ஐஸ்காரர் ஓர் அடி கிட்டே வந்தார்.

"சட்டம் தட்டுப்படுதா?"

"தட்டுப்படுது." குரல் அவனுடையதுதான். ஆனால் சப்பென்று இருந்தது, உயிரை மட்டும் எங்கேயோ வைத்துவிட்டு வந்த மாதிரி. "பிடிக்கத்தான் இடமில்ல மாமா."

"என்ன இடமில்ல?"

"கை வைக்க இடமில்ல. எல்லாம் கை. ஒண்ணு மேல ஒண்ணா வச்சிருக்காங்க. பெருசு, சிறுசு. நான் விட்டதும் நகர்ந்து கொஞ்சம் இடம் கொடுத்தாங்க."

ஐஸ்காரர் அவன் தோளைப் பிடித்தார். பிடித்தது தோளையா சுவரையா என்று கைக்குத் தெரியவில்லை. "எடு. கையை வெளிய எடு."

"எடுக்கத்தான் பார்த்தேன்."

"இழுக்கறாங்களா?"

"இல்ல. யாரும் இழுக்கல." அவன் கண்கள் கட்டிலை விட்டு நகரவில்லை. "ஒண்ணு மட்டும் என் கட்டை விரலைப் பிடிச்சிட்டிருக்கு. கட்டை விரலை மட்டும். சின்ன வயசுல ரோட்டைத் தாண்டறப்போ அக்கா அப்படித்தான் பிடிப்பா. முழுக் கையையும் பிடிச்சா எனக்குக் கோவம் வரும்னு."

ஐஸ்காரர் திரும்பினார். கட்டிலில் அவள் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வை மெதுவாக ஏறி இறங்கியது. மார்பின் மேல் ஏறி இறங்கியது. வயிற்றின் மேல் ஏறி இறங்கியது. வலது பக்கத்தில், நர்ஸம்மா கையை வைத்து மூடிய இடத்தில், போர்வை தட்டையாக இருந்தது.

இரும்புச் சட்டத்தில் சத்தம் இல்லை.

போர்வையை விலக்க அவர் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. நிறுத்தியது அவர்தானா என்று அவருக்குத் தெரியவில்லை.

"ரொம்பக் குளிருதுபோல மாமா அவளுக்கு," என்றான் மச்சினன், கன்னத்தைச் சுவரிலிருந்து எடுக்காமல். "நான் கொஞ்ச நேரம் இப்படியே இருக்கேன்."

வெளியே, அன்றைக்கு முரண்டு பிடித்த ஸ்கூட்டர் இன்று ஒரே உதையில் கிளம்பிவிட்டது. சத்தம் தெருவைத் தாண்டித் தேய்ந்து போயிற்று. மச்சினனின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. அவன் சிரிக்க முயற்சி செய்கிறான் என்று ஐஸ்காரருக்கு வெகுநேரம் கழித்துத்தான் புரிந்தது.

"ஒத்துக்கறேன் மாமா. நடந்ததுதான். ஒரு கை இருக்கற மாதிரின்னு சொன்னீங்களே... வாழ்க்கையிலயே முதல் தடவையா நீங்க குறைச்சுச் சொல்லியிருக்கீங்க."